நாற்பத்தோராம் பக்கம்

ஒடுகத்தூர் கிளை நூலகத்தில்
ஜீவிதா எடுத்துவந்த கதைப் புத்தகம்.
சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து
கேனைக்கூடக் கழுவாமல் புரட்டினேன்.

அதில் ஒரு பண்ணை.
வாத்துகளுக்கெல்லாம் பெயர் உண்டு,
கடன்தான் இல்லை.
மாடு யாரையும் உதைப்பதில்லை.
நாற்பத்தோராம் பக்கத்தில்
ஒரே வரியில் கன்று போட்டுவிடுகிறது.

எங்கள் செவலை
விடிய விடிய முக்கினாள்.
டாக்டர் போனை எடுக்கவில்லை.
முழங்கை வரை உள்ளே விட்டுக்
கன்றின் தலையைத் திருப்பியவள் நான்.

பொய்ப் புத்தகம் என்று மூடி வைத்தேன்.

ஆனால் மழையில் தொலைந்த
அந்தக் கடைசி வாத்து?

கேன் ஈ மொய்த்துக் கிடந்தது.
அவள் அடையாளம் வைத்த வைக்கோல்
அறுபதில்.
இன்னொன்றைக் கிள்ளி
நூற்றிரண்டில் செருகினேன்.

காலையில் சாணி அள்ளும்போது
கூடையைப் பிடித்தபடி சொன்னாள்:
"வாத்தைப் பத்தி மட்டும்
சொல்லிடாதம்மா."