கசிவு

வலது காதில் நடுத்தரம் சரியாக உட்கார்ந்தது.
இடது காதில் அதே நடுத்தரம்
பாதி மனதோடு குடிவந்தவன் போல
எந்நேரமும் வெளியேறும் யோசனையில் இருந்தது.
நான்காம் எண் டிராம் வளைவில் திரும்பும்போதெல்லாம்
குதித்துக் கம்பளிக் கழுத்துத்துணிக்குள் விழும்.
தேடி எடுத்து, துடைத்து, மறுபடி குத்திக்கொள்வேன்.
காது சிவந்தது. பாட்டு வெளுத்தது.

லெம்பித்தின் பதிவுகள் வெள்ளிதோறும் வந்துவிடும்.
பார்னுவில், கடற்கரை விடுதியொன்றில்,
நால்வர் குழுவில் அவன் டபுள் பேஸ் வாசிக்கிறான்.
ஆளைவிட உயரமான வாத்தியம்.
அதைத் தோளில் சாய்த்து
மூன்று மாடி இறங்கிப் போகிற தம்பிக்கு
அக்கா எழுதிய பதில் இது:
"பியானோ அருமை. நீயும் வாசித்தாயா என்ன?
எனக்குக் கொசு ரீங்காரம்தான் கேட்டது."
ஒருமுறை அல்ல,
மூன்று குளிர்காலமாக எழுதியிருக்கிறேன்.
சத்தத்தைக் கூட்டியும் பார்த்தேன்.
சிம்பல் மட்டும் ஊசியாய் உள்ளே போனது;
விளக்கணைத்துப் படுத்த பிறகும்
தலையணைக்குள்ளிருந்து குத்திக்கொண்டிருந்தது.

என் தொழில் ஜன்னல் அடைப்பது.
முஸ்தமாயின் ஒன்பது மாடிக் கட்டடங்களில்
பழைய சட்டங்களின் ஓரம் ரப்பர் பட்டை வைத்து
மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பேன்.
சுடர் அசைந்தால் வேலை முடியவில்லை.
தீக்குச்சி கனத்துக்கு ஓர் இடைவெளி போதும்,
வாங்கிய வெப்பமெல்லாம் தெருவுக்குப் போய்விடும்.

நவம்பரில், ஆறாவது மாடியில்,
திருமதி ராண்ட்மா குறைப்பட்டாள்:
"ஹீட்டரை எவ்வளவு திருகினாலும் சூடு நிற்கவில்லை."
"அதைத் திருகி என்ன பயன்,
சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள்" என்று
வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
கை
காதுக்குப் போனது.

பெட்டி வீட்டில் இருந்தது.
அடியில், பிரிக்காத உறையில்,
இன்னும் இரண்டு ஜோடி சிலிக்கான் தொப்பிகள்.
ஒரு ஜோடி பட்டாணி, ஒரு ஜோடி மொச்சை.
மொச்சையில் ஒன்றை இடது காதுக்கு எடுத்தேன்.
(இரண்டு காதும் ஒரே அளவு என்று
நாற்பத்தாறு வயதுவரை நம்பியிருக்கிறேன்.)
வலக்கையைத் தலைக்கு மேல் சுற்றி வந்து
காதை மேலே, சற்றுப் பின்னே இழுத்து,
உள்ளே வைத்து, லேசாகத் திருகி,
காதை விட்டேன்.

அறை நின்றது.
ஃப்ரிட்ஜ் நின்றது. கீழே டிராம் நின்றது.
நான் எச்சில் விழுங்கியது
படகின் அடியில் அலை மோதியது போலக் கேட்டது.

பிறகு லெம்பித்.
முதல் சுரம் காதுக்கு வரவில்லை,
தாடையில் வந்து அமர்ந்தது,
கனத்த ஒருவன் கட்டில் ஓரத்தில் உட்கார
மெத்தை சரிவது போல.
அப்புறம் தந்தியில் விரல் வழுக்கும் கிறீச்.
முக்காலியின் முனகல்.
கடினமான இடத்துக்கு முன் மூக்கால் இழுக்கும் மூச்சு;
பனிச்சரிவின் உச்சியில் சறுக்குக்கட்டைகளோடு நின்று
எட்டு வயதில் இழுப்பானே, அதே மூச்சு.
பியானோ இவ்வளவு நாளும்
இவன் தோளில் அல்லவா நடந்திருக்கிறது!
சத்தத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
பாதிக்கும் கீழே போன பிறகும்
அவன் இருந்தான்.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன்.
கறுப்பு ரொட்டி மென்றால்
மண்டைக்குள் சரளைக்கல் லாரி.
நடந்தால் என் பூட்ஸ் எனக்குள்ளேயே நடக்கிறது.
வயர் கோட்டில் உரசினால் இடி;
அதைக் காதின் மேலாகச் சுற்றிவிட்டேன், அடங்கியது.
தெருவைக் கடக்கும்போது
இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறேன்.
டிராமுக்கும் பேஸ் உண்டு.

இரவு பத்தரைக்கு அவனை அழைத்தேன்.
"மூன்றாவது பாட்டின் நடுவில்
ஒரு சுரத்தைத் தவறவிட்டாய்."
மறுமுனையில் மூச்சு மட்டும்.
"ஹெல்வே, அது உனக்கு எப்படிக் கேட்டது?"
ஜன்னலை அடைத்தேன் என்றேன்.
புரியாமல், "அங்கே அவ்வளவு குளிரா?" என்றான்.