முக்கால் வோல்ட்

மூன்று பம்புகளும் மேசையில் வரிசையாக.
ஜனவரியில் கழற்றியது, ஜூனில் கழற்றியது,
இன்று கழற்றியது. இதன் மூக்கில் இன்னும்
ஒரு சொட்டு தொங்குகிறது, விழ மனமில்லாமல்.

வெளியே மழை.
அங்கூத் ஊரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"மூன்றுமே கெட்ட பம்பா, நிபால்தோ?
இல்லை என் ராசிதான் அப்படியா?"
எர்மிந்தா கார்கமோ என் ஸ்டூலில் உட்கார்ந்து
என் காபியைக் குடித்துக்கொண்டு கேட்கிறாள்.

அவள் நிஸ்ஸானுக்கு இருபத்தைந்து வயது.
சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்த
நான்கு பெண்களை வீட்டில் சேர்ப்பது அதன் பிழைப்பு.
போன வியாழன், அதிகாலை மூன்றே முக்கால்,
சூட்டு முள் சிவப்பைத் தொட்டதும்
நால்வரும் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு
இறங்கி நடந்தார்களாம், ஏழு கிலோமீட்டர்.
மீன் வாடைக்கு
வழிநெடுக நாய்கள் துணை.

முதல் முறை பம்பைத் திட்டினேன்:
மலிவுச் சரக்கு, இவ்வளவுதான் வரும்.
இரண்டாம் முறை அவளை.
"பச்சைத் தண்ணீரை ஊற்றினாயா?"
"பச்சைதான். நீ விற்ற டப்பாவில் இருந்த அதே பச்சை."
சிரித்தோம்.
கூலண்டையும் பில்லில் சேர்த்தேன்.

இன்று
பெல்ட்டை விரலால் அழுத்தினேன், இழுப்பு சரி.
நூல் பிடித்துப் பார்த்தேன், புல்லி நேர்.
பேரிங்கைச் சுழற்றிக் காதில் வைத்தேன்,
ஒரு முனகல் இல்லை.
சாகக் காரணமே இல்லாத பிணம்.

புரட்டிய பிறகுதான் தெரிந்தது.
உள்ளே தண்ணீரைத் தள்ளும் ஆறு இலைகள்
தேயவில்லை,
தின்னப்பட்டிருந்தன.
ஓரமெல்லாம் அம்மைத் தழும்பு.
ஜூன் பம்பிலும் அதே தழும்பு. ஜனவரியிலும்.
அன்றே புரட்டியிருக்கலாம்.
கழற்றியதை ஓரமாய் எறிந்துவிட்டுப்
புதுசின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் கை என்னுடையது.

மீட்டரின் கறுப்பு முனை பாட்டரி நெகட்டிவில்.
ரேடியேட்டர் மூடியைத் திறந்து
சிவப்பு முனையைத் தண்ணீரில் மட்டும் நனைக்கிறேன்,
தகரத்தில் படாமல்,
குழந்தையின் குளியலுக்குச் சூடு பார்ப்பதுபோல.
"சாவியைத் திருப்பு. விளக்கைப் போடு."
புள்ளி மூன்று.
"வைப்பர்."
புள்ளி நான்கு.
"கண்ணாடிக்கு ஊதுமே, அந்த ஹீட்டர் ஃபேன். முழு வேகம்."
நனைந்த நால்வர் மூச்சுவிட்டால்
கண்ணாடி எப்படி மூடும் என்று அவளுக்குத் தெரியும்.
இரவெல்லாம் முழு வேகம்தான்.

முக்கால் வோல்ட்.
தண்ணீரில்.

டார்ச்சோடு அடியில் படுத்தேன்.
இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை இருந்த இடத்தில்
ஒரு போல்ட், கொஞ்சம் பச்சைப் பொடி.
செம்பைக் கடற்காற்று தின்று முடித்திருந்தது.

விளக்குக்குப் போன கரண்ட் வீடு திரும்பியாக வேண்டும்.
பாலம் போனால் படகு.
தீவுக்காரியிடம் இதை விளக்க வேண்டியதில்லை.
ரேடியேட்டர் வழியாக, ஹோஸ் வழியாக,
நான் விற்ற பச்சை வழியாக,
போகிற போக்கில் பம்பை ஒரு கடி கடித்துக்கொண்டு
இரவுதோறும் திரும்பியிருக்கிறது.

வெல்டிங் கேபிளில் ஒரு சாண் வெட்டினேன்.
துருவைச் சுரண்டி, இரும்பு வெளுத்ததும் முடுக்கினேன்.
நாலாவது பம்பை மாட்டி, பச்சையை நிரப்பி,
விளக்கு, வைப்பர், ஃபேன், எல்லாம் போட்டு மறுபடி நனைத்தேன்.
புள்ளி பூஜ்யம் நான்கு.

"எவ்வளவு?"

ஒரு சாண் கேபிளுக்கு என்ன விலை சொல்வது.
கணக்கு நோட்டை எடுத்து
ஜூன் பக்கத்தைத் தேடுகிறேன்.
கிரீஸ் விரலுக்குத் தாள் ஒட்டிக்கொண்டு வருகிறது.

"அதை அப்புறம் தேடு. ஷிப்ட் விடும் நேரம்.
மூன்றையும் ஒரு பையில் போடு."
"பழசு எதற்கு?"
"நடந்தவர்களுக்குக் காட்ட வேண்டாமா?"