பின் எடை

கொழிஞ்சாம்பாறை தாண்டி
வேலந்தாவளம் போகிற சாலையில்
மூன்று டிராக்டர்கள் நின்றன
போட்டோவுக்கு உயர வரிசையில் நிறுத்திய பிள்ளைகளாக.

பதினெட்டு ஹெச்.பி.
இருபத்தேழு.
நாற்பத்திரண்டு.

சின்னதைப் பார்த்து என் கொழுந்தன் பொன்னுரங்கன் சிரித்தான்:
"இதைக் கட்டுத்தறியில கட்டித் தீனி போடலாமுங்கண்ணி."
பெரியதில் ஏறி உட்கார்ந்து
ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.
அவன் மனசுக்குள் அது
சித்தூர் ரோட்டில் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

நான் கைப்பையிலிருந்து கயிற்றை எடுத்தேன்.
முதல் முடிச்சு, தொழுவத்து வாசல் அகலம்.
அடுத்தது, கூரைத் தகரம் தாழ்கிற விளிம்பு.
கடைசி முடிச்சு, தென்னைக்கும் சாணிக்குழிக்கும் நடுவே
வண்டி திரும்ப வேண்டிய இடம்.
பெரியது முதல் முடிச்சிலேயே சிக்கிக்கொண்டது.
"வாசலை இடிச்சுக்கலாம்."
"இடிக்கிற செலவை எந்த லோன்ல எழுதறது?"

விற்கிற பையன் பிஜோய்
நடுவண்டியைத் தட்டிச் சொன்னான்:
"சேச்சி, முன்வாளி நானூற்றைம்பது கிலோ பொக்கும்."
பொக்கும் என்றால் தூக்கும்.
செக்போஸ்ட்டில் இந்தச் சொல்லை யாரும் நிறுத்துவதில்லை.

எங்கே வைத்தால், என்று கேட்டேன்.
அவன் விரல் லோடர் கையின் நுனியில்
வாளியைக் கோக்கிற பின்னைத் தொட்டது.
அங்கே வைத்தால்.
வாளியைக் கழற்றிவிட்டு.
வாளியே தொண்ணூறு கிலோ.
சாணியோ பின்னில் தொங்காது,
அரை மீட்டர் முன்னே தள்ளிக் கிடக்கும்.
இடுப்பில் இருக்கும் வரை அது ஒரு குடம்,
நீட்டிய கையில் அதுவே இரண்டு குடம்.
நோட்டீசின் பின்பக்கம் கழித்துக் கழித்துப் பார்த்தேன்.
முந்நூறு நின்றது, தரையோரம்.
தலைக்கு மேலே உயர்த்தினால் அதுவும் நிற்காது.

சின்னதையும் நடுவையும்
வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன்.
காய்ந்த மணல்மூட்டையோடு வந்தான்.
வேண்டாம், மழை குடித்த சாணியை அள்ளு என்றேன்.

சின்னது அள்ளியது, எழ முயன்றது.
முன்டயர் பிதுங்க, பின்சக்கரம் இரண்டும்
ஒரு சாண் எழும்பிக்
காற்றை உழுதன.
நடுவண்டி தூக்கிவிட்டது.
திரும்பும்போது மட்டும்
ஒரு பின்சக்கரம் மண்ணை மறந்து சுற்றியது.
"பின்னில் வெயிட் வேணும் சேச்சி."

வண்டியை நிறுத்தச் சொல்லி
பின்கட்டையில் நான் ஏறி உட்கார்ந்தேன். அறுபத்தொரு கிலோ.
போதவில்லை.
பால் கறக்க வந்த ருக்கையா
வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் ஏறினாள்.
டயர் இறங்கி மண்ணைத் தொட்டது.
பிஜோய் "அபகடம், அபகடம்" என்று கத்தினான்.
நாங்கள் இறங்கவே இல்லை சற்று நேரம்.

இருபத்தேழையே வாங்கினோம்.
பழைய தார் டிரம்மில் கான்கிரீட் கொட்டிப்
பின்னால் மாட்டினோம்.
பொன்னுரங்கன் ஒரு வாரம்
யாரிடமும் ஹெச்.பி. சொல்லவில்லை.

ஆடிக் காற்று கணவாய்க்குள் புகுந்து
தென்னைகளைக் கிழக்கே சாய்த்த இரவில்
மூன்றாம் ஈத்து எருமை போய்விட்டது.
கன்று உள்ளேயே.
நானூற்றிருபது கிலோ என்று
மாட்டு டாக்டர் நாடா வைத்து அளந்து
போன வாரம்தான் எழுதியிருந்தார்.

எனக்குக் கணக்குத் தெரியும். தெரிந்தே சாவியைத் திருப்பினேன்.

தலைக்கு மேலே வேண்டாம்,
இடுப்புக்கும் வேண்டாம்,
தரையை விட்டு நாலு விரல் போதும்.
வாளியில் பாதி, சங்கிலியில் பாதி.
எஞ்சின் முக்கியது.
பின்பக்கம் லேசாவது
என் முதுகெலும்புக்குத் தெரிந்தது.

ருக்கையா எதுவும் சொல்லவில்லை.
சேலையைச் செருகிக்கொண்டு
மழையில் வந்து
டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.