வரிசையில் முதல் ஆள்

குலுக்கலில் விழுந்தது நவம்பர் மாதமும்
எஃப் என்றோர் எழுத்தும்.
நான் மார்ச்சில் பிறந்தவன். தப்பித்தேன் என்றிருந்தேன்.
அகப்பட்டவன் ரொசேந்தோ ஃபரியாஸ்,
இரண்டு நாள் பயிற்சிக்கும் போய்வந்தான்.
வாக்குநாள் காலையில் ஆளைக் காணோம்.

எட்டரைக்குச் சாவடித் தலைவி,
பல்மருத்துவர் ஒப்தூலியா,
வாசலுக்கு வந்து வரிசையைப் பார்த்தாள்.
ஐந்து நிமிஷ வேலையென்று
பஞ்சர் கடையைத் திறந்தே போட்டுவிட்டு
முதலில் நின்றவன் நான்.
"எழுதப் படிக்கத் தெரியுமா?"
"தெரியும்."
"உள்ளே வாருங்கள்."
மெக்சிகோவில் சட்டம் அவ்வளவு சுருக்கம்.

அன்று என் கட்டைவிரலில்
எது மை, எது கிரீஸ்
எனக்கே தெரியவில்லை.

ஆறு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
கட்சிக்காரர்கள் கழுத்தை நீட்ட
ஒவ்வொரு சீட்டாய் விரித்து உரக்கச் சொன்னேன்.
இவருக்கு. அவருக்கு. இவருக்கு.
ஒருவன் கழுதை வரைந்திருந்தான்,
நன்றாகவே வரைந்திருந்தான்.
செல்லாது.

பிறகு ஒன்று.
சின்னங்கள் எல்லாவற்றின் மேலும் குறுக்கே
தடித்த கறுப்பில்:
சிட்லாலி எங்கே?

தெரிந்த கையெழுத்து.
என் கடைச் சுவரில், புகைப்படத்துக்குக் கீழே,
வெயிலில் வெளுக்க வெளுக்க
மூன்று வருஷமாய்ப் புதிதாக எழுதி ஒட்டிப்போகிறவள்.
யாருடைய வாக்கென்று
தெரிந்தாலும் தெரியாததுதான்.
ஒப்தூலியா பேனாவோடு காத்திருந்தாள்.
"செல்லாதது" என்றேன்.
உரக்கச் சொல் என்றான் ஒரு கட்சிக்காரன்.
சொன்னேன்.

பத்தரைக்கு முடிவைப் பள்ளி வாசலில் ஒட்டினேன்.
கடைசி வரியில்: செல்லாதவை பதினாறு.
அவள் அங்கேதான் நின்றிருந்தாள்.
மேலே இருந்த எதையும் வாசிக்கவில்லை.
"எண்ணியாயிற்றா?"
எண்ணியாயிற்று, என்றேன்.
பசை இன்னும் காயவில்லை.