நாலு மாத்திரை

பெட்ஃபோர்டில் என் கடை. முன்பக்கம் ஜெராக்ஸ்.
பின்பக்கம், முட்டை அட்டை ஒட்டிய சுவர்களோடு
ஒரு கட்டில் அகலத்தில் ஸ்டூடியோ.
கூரை தகரம் என்பதால்
இரண்டு மழைக்கு நடுவில்தான் ரெக்கார்டிங்.
அங்கே வந்து பாடினார் ஜெசிந்தா,
ஆகஸ்டில், ஈர சாக்ஸோடு.

பழைய ஆட்கள் சிலருக்குப் பெயர் ஞாபகமிருக்கும்.
தொண்ணூற்றேழில் ஒரு படப்பாட்டு, அதிலும் பாதி.
மீதியை ஆண்குரல் கொண்டுபோனது.
பிறகு கோரஸ்.
பிறகு கோரஸில் பின்வரிசை.
பிறகு மேட்டுப்பாளையம் ஜவுளிக்கடைக்கு
ஆடித் தள்ளுபடி, பதினைந்து நொடி.
கடைசியில் குன்னூருக்கே திரும்பி
பள்ளிக்கூடத்தில் மாதம் ஒன்பதாயிரத்துக்கு
வருகிற தலைமை விருந்தினர்களை எல்லாம்
வருக வருக என்று.

மெட்டு என்னுடையது.
வரிகள், அருவங்காட்டில் ஷிப்ட் பார்க்கும் தேவசகாயத்தினுடையவை.
போனவனிடம் எதையும் கேட்காத பாட்டு.
‘குடையை நீயே வைத்துக்கொள்,
எனக்கு நனைந்து பழக்கம்’ என்று பல்லவி.

மூன்றாம் நிமிடம், இரண்டாம் சரணம்.
‘இன்னும் கொஞ்சம்’ என்றவர் நின்றுவிட்டார்.
ஹெட்ஃபோனில் மூச்சு மட்டும்.
நாலு மாத்திரை.
அப்புறம் ‘தூரம்தான்’,
சிதறிய சில்லறையைக் குனிந்து பொறுக்குகிற குரலில்.

மறுபடி எடுக்கலாம் அக்கா என்றேன்.
அதற்குள் தகரத்தில் மழை இறங்கிவிட்டது.
அப்படியே வெளியிட்டோம்.

கேத்தியில் கேரட் கழுவுகிற மெஷினுக்கு மேலே கேட்டது.
லோயர் குன்னூர் கறிக்கடையில்,
கோவை கால்டாக்சிகளில்,
ஷார்ஜாவில் யாருடைய சமையலறையிலோ.
ஆட்டோ முதுகில் எழுதிக்கொண்டார்கள்,
‘இன்னும் கொஞ்சம்’ என்று போட்டு
ஒரு கை அகலம் சும்மா விட்டு.
கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா தேடி வந்து
அந்த இடத்துலதான் தம்பி
அவர் கதவைச் சாத்துறது கேக்குது என்றார்.
நானும் தலையாட்டினேன்.

பேட்டிக்கு வந்த பெண் கேட்டாள்:
அங்கே யாரை நினைத்தீர்கள்?
அக்கா சிரித்தார். சிரிப்பை அச்சிட்டார்கள்.

எனக்குத் தெரியும்.
வரி எழுதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன்
ஒளிர்ந்ததை நானும் பார்த்தேன்.
மகளின் நர்சிங் படிப்புக் கடன்.
கணக்கில் பணமில்லை, தவணை திரும்பியது,
அபராதம் ஐந்நூற்றுத் தொண்ணூறு.

பிறகு சென்னை, பினாங்கு, ஒரு விருது, ஒரு கார்.
ராத்திரிதோறும் அதே இடத்தில் நிற்பார்.
கீபோர்டிலிருந்து கையைத் தூக்கி நான் எண்ணுவேன்.
எட்டாக நீட்டுங்கள், செல்போன் விளக்கெல்லாம் எரியட்டும்
என்றார் ஒரு ஏற்பாட்டாளர்.
நாலுதான், என்றார் அக்கா. அதில் மட்டும் பிடிவாதம்.

ஜனவரியில் ஒரு பொட்டலம் வர்க்கியோடு கடைக்கு வந்தார்.
கடன் முடிஞ்சுதுடா.
ஒன்றைப் பிட்டார், துகள் பூராவும் ஜெராக்ஸ் கண்ணாடியில்.
இனிமே அந்த எடத்துல
எதைடா நினைக்கிறது?
துடைத்துக்கொண்டே இருந்தேன்,
சுத்தமான பிறகும்.

மே மாதம், ஊட்டி கோடை விழா.
பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டுத்தான் மேடையேற்றினேன்.
‘இன்னும் கொஞ்சம்.’
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலு போயிற்று. அக்காவின் வாய் திறக்கவில்லை.
கண்கள் மைக் ஸ்டாண்டில் எதையோ தேடின.
ஐந்தில் மொத்த மைதானமும்
‘தூரம்தான்’ என்றது.
அரை மாத்திரை பிந்தி அவரும் சேர்ந்துகொண்டார்,
கோரஸின் பின்வரிசைபோல,
யாரும் பார்க்காத ஒரு சந்தோஷத்தோடு.

இறங்கும்போது வண்டியில் போன் ஒளிர்ந்தது.
எடுத்துப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
அப்புறம் மடியில் கவிழ்த்து வைத்தார்.
வாய்க்குள்ள என்னடா முணுமுணுக்கற, என்றார் என்னிடம்.
ஒண்ணுமில்லக்கா.
ஏழில் இருந்தேன்.