ஏழு ஐந்து ஐந்து

மாதம் இருபத்திரண்டு ரிங்கிட்.
அந்த விலைக்கு, சிங்கப்பூரில் ஏதோ ஒரு கட்டடத்தில்
ஒரு கணினியின் ஒரு மூலை எனக்கு வாடகைக்கு.
நான் அதைப் பார்த்ததில்லை.
சுங்கை லெம்பாவில், கிம் ஹுவாட் டயர் கடைக்கு மேல்மாடியில்
கறுப்புத் திரை வழியாக அதன் கதவைத் தட்டுகிறேன்.
கீழே ஸ்பானர் விழுகிறது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
வளைவில் கியர் மாற்றத் திணறுகிறது.

வக்கீல் கேட்டது ஒரு பட்டியல்தான்.
இரண்டாம் டிவிஷனில் யார், எந்த ஆண்டு முதல், என்ன வேலை.
அஞ்சலையக்கா நோட்டில் எழுதியதை
சர்குணன் வாட்சாப்பில் திருத்தினான்,
அவன் தங்கை எக்செல்லில் போட்டாள்.
கடைசி, கடைசி இரண்டு, இதுதான் கடைசி என்று
ஒன்பது கோப்புகள்.
ஒன்பதிலும் வேறு வேறு ஆட்கள் செத்திருந்தார்கள்.

அதனால்தான் விக்கி.
யாரும் திருத்தலாம்,
திருத்தினாலும் பழையது அழியாது.

மென்பொருளை இறக்கினேன், பிரித்தேன்.
கோப்புறைகளுக்கு அனுமதி எண்:
ஏழு ஐந்து ஐந்து.
உரிமையாளர் எழுதலாம்.
மற்றவர் படிக்கலாம், உள்ளே நடந்து போகலாம்,
எழுத முடியாது.
தோட்டத்து கேட்டில் இதைத்தான்
மூன்று மொழியில் வெள்ளைப் பெயின்டில் போட்டிருந்தார்கள்.
எல்லாவற்றுக்கும் ஏழு கொடுத்துவிடாதே, திருடன் வருவான்
என்கிறது கையேடு.
எங்களிடம் திருட என்ன இருக்கிறது?
ஆனாலும் கொடுக்கவில்லை.

பிறகு அது கேள்வி கேட்கத் தொடங்கியது.
தரவுத்தளத்தின் பெயர்? நிர்வாகி யார்? கடவுச்சொல்?
பாதியில் அதற்கே இரக்கம் வந்து,
சலித்துவிட்டதா, மிச்சத்தைக் கேட்காமல் நிறுவிவிடட்டுமா என்றது.
பதினொரு வருஷமாக வழக்கு நடக்கிறது.
எந்த அலுவலகமும் எங்களை இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பக்கம் எழுந்தது.
அஞ்சலை என்று அடித்துச் சேமித்தேன்.

??????

நாலெழுத்துப் பெயர்.
புள்ளியைத் தனியாக, ஐகாரத்தைத் தனியாக வெட்டி
ஆறு கேள்விக்குறியாக்கி வைத்திருக்கிறது.
அக்காவுக்கு இது புதிதில்லை.
அடையாளக் கார்டில் அவள் அஞ்சலாய்,
சம்பளச் சீட்டில் அஞ்சலி,
சொக்சோ கடிதத்தில் அன்சாலே.
பிள்ளைகள் ஐந்து பேருக்கும்
அப்பன் பெயர் ஐந்து விதம்.
கம்பெனி வக்கீல் கோர்ட்டில் எழுந்து
இதில் யாரம்மா நீ என்று சிரித்தான்.
அவள் பதில் சொல்லவில்லை.
அன்றைக்கு ராத்திரிதான் நோட்டு வாங்கினாள்.

அட்டவணைகளை எல்லாம் கொட்டிக் கவிழ்த்தேன்.
பழைய ஐரோப்பிய எழுத்துமுறையில் கட்டப்பட்டவை,
எங்கள் எழுத்துக்கு அங்கே கால்வைக்க இடமில்லை.
யூனிகோடில் முதலிலிருந்து கட்டினேன்.
இரவு இரண்டு இருபது. நுளம்புச் சுருள் சாம்பலாகியிருந்தது.
அஞ்சலை வந்தாள், புள்ளியோடு.
அஞ்சலாய், அஞ்சலி, அன்சாலே மூன்றையும்
வழிமாற்றுப் பக்கங்களாக்கினேன்.
எந்தப் பெயரில் தட்டினாலும் அதே கதவு.

முகவரியைக் குழுவில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

காலை ஐந்து நாற்பது, பெரட்டுக்கு முன்னால்,
அண்மைய மாற்றங்களில் ஒன்று.
பட்டியலின் அடியில் ஒரு புது வரி.
மேலே கோடு இழுத்து, அதில் காயப்போட்ட துணிபோல
தொங்கும் எழுத்துகள். எனக்குப் படிக்கத் தெரியாது.
பக்கத்தில் மலாயில்:
ரஃபிகுல். இரண்டாம் டிவிஷன். 2014 முதல். குலை வெட்டு.

ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

சர்குணன் ஆறு மணிக்கு அடித்தான்:
'அவன் நம்ம கேஸே இல்லையே, தூக்கிடு லா.'
மீளமைக்கும் பொத்தான் நீல நிறத்தில் இருந்தது.
யார், எந்த ஆண்டு முதல், என்ன வேலை.
வக்கீல் கேட்ட மூன்றுக்கும்
பதில் எழுதியிருந்தான்.

நகல் ஒன்று எடுத்து வைத்துவிட்டு
முகம் கழுவப் போனேன்.