தெரியாது என்ற பொத்தான்

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட
பழச்சாறுக் கடைக்கு மேல்மாடி.
இரவு எட்டிலிருந்து இரண்டு மணி வரை
பதினாலு பேர் குந்தியிருந்து
ஓர் இயந்திரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறோம்.

திரையில் ஒரு வசனம் வரும், இல்லாவிட்டால் ஒரு படம்.
கீழே மூன்று பொத்தான்:
வன்முறை. தீங்கில்லை. தெரியாது.
ஒன்றுக்கு ஏழு விநாடி.
ஒன்றை மூன்று பேர் பார்ப்போம், இரண்டு பேர் சொன்னதே பாடம்.
தெரியாது என்று அமத்தினால் புள்ளி குறையும்.
ஆகவே எங்களுக்கு
எல்லாம் தெரியும்.

"விசரி, சாப்பிட்டியோடி?"
கேட்டவள் ஆரோ ஒரு தமக்கையாக இருக்கவேணும்.
வழிகாட்டியை எழுதினவர்கள்
இந்த ஊரில் ஏச்சு வாங்கிக்கொண்டு
ஒருநேரமும் சோறு தின்னாதவர்கள்.
அவர்களின் பட்டியலில் விசரி வசை.
அமத்தினேன்.

"நீர்ப்பம்பி இயக்கம் நாளை நிறுத்தப்படும்."
பிரதேச சபை அறிவித்தல்.
துவாரகன் சிரித்துச் சிரித்துத் தீங்கில்லை என்றான்.
மற்ற இருவர் சிரிக்கவில்லை.
புளியங்கூடலை ளகரம் பிழைத்து
லகரத்தில் அடித்த ஒரு தேர்த்திருவிழா நோட்டீசும்
அன்றிரவே போயிற்று.

"நீங்கள் எந்தப் பக்கம்?"
ஒரு கலியாணப் படத்துக்குக் கீழே.
பிறகு, "சும்மா கேட்டனான். ஐயா என்ன தொழில்?"
எனக்குத் தெரியும் அந்தக் கேள்வி.
வாடகைக்கு வீடு பார்க்கப் போன படலைகளில்
என்னையும் வைத்து அளந்தது அது.
ஒரு கெட்ட சொல் இல்லை அதில்.
வழிகாட்டியில் அதற்கு ஒரு பந்தியும் இல்லை.
தீங்கில்லை என்று அமத்தின விரல்
கொஞ்ச நேரம் மேசையில் கிடந்தது.

படம்.
கச்சேரியடிப் பந்தலில் ஒரு பெண்,
அவள் கையில் சட்டம் போட்ட இன்னொரு படம்,
அதற்குள் மீசை அரும்பின பொடியன்.
சேட்டில் பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டாக.
விதி இருபத்தொன்று: உருமறைப்பு உடை.
ஐந்தாவது விநாடியில் வன்முறை என்றேன்.
அடுத்தது நாய்க்குட்டி.

இது இரண்டு வருசத்துக்கு முன்.

போன மாசம் எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்க
ஜெனிற்றா வந்தா. குருநகர்.
பால்தேத்தண்ணி ஆறுகிற நேரம் போனை நீட்டினா.
"கொம்பியூட்டர்ப் பிள்ளைதானே நீர், ஒருக்கால் பாரும்.
தம்பியை ஏத்துறன், அழிக்குது.
திருப்பி ஏத்துறன், அழிக்குது.
பதினொரு தரம்.
அமலன்ரை அந்தச் சேட்
நத்தாருக்கு அம்மா நியூ மார்க்கெட்டில எடுத்தது."

செய்தி பிழையில்லாத தமிழில் இருந்தது:
உங்கள் பதிவு எமது தரநிலைகளுக்கு முரணானது.

"ஆர் அழிக்கிறது?"
"மெசின் அக்கா."
"அதுக்கு ஆர் சொன்னது?"
தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது.
ஊதத் தேவையில்லை, ஆனாலும்
ஊதி ஊதிக் குடித்தேன்.

நேற்று வேறொரு பந்தல், வேறொரு சட்டம்.
இப்போதெல்லாம் இயந்திரமே முந்திக்கொண்டு
பதிலைச் சொல்லிவிடுகிறது,
நாங்கள் ஓம் என்றால் சரி.
வன்முறை, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று.
கெட்டிக்காரப் பிள்ளை.
அந்தத் தொண்ணூற்று மூன்றில்
என்னுடைய விரல் எவ்வளவு என்று
கணக்குப் பார்க்கத் தொடங்க
நாலு விநாடி போய்விட்டது.

படத்துக்குள் இருந்த பொடியனின் பேர் எனக்குத் தெரியாது.
சேட் எடுத்த கடை தெரியாது.
அவன் எந்தச் சோதனைச்சாவடி வரை போனவன்,
தெரியாது.

அமத்தினேன்.
மூன்றாவது பொத்தான் புத்தம் புதிதுபோல
சத்தமில்லாமல் இறங்கியது.
மூலையில் என் புள்ளி ஒன்று குறைந்தது.
படம் மற்ற இரண்டு பேரிடம் போயிற்று.

அவர்களுக்குத் தெரிந்திருந்தது.